குடும்பக் குழுவுக்கு வந்த இடைக்காலப் பொறுப்பாளர்

அல்மாக்ரோ பேட்டையில் ஒருவர் செத்துப்போனால் ஒரு வாரம் பேசுவார்கள். ‘இரண்டாம் வகுப்பு பி பிரிவு அம்மாக்கள்’ செல்போன் குழுவிலிருந்து ஒருவர் வெளியேறினால் கோடை விடுமுறை வரைக்கும் பேசுவார்கள். யானினா சாகவில்லை, வெளியேறினாள்.

அம்மாக்கள் குழு என்று பெயரே தவிர அதில் அப்பாக்களும் உண்டு. தாத்தாக்கள் உண்டு, ஒரு முன்னாள் கணவர் உண்டு, போன வருஷமே வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிப்போன பையனுடைய அத்தை உண்டு. யாரும் வெளியேறுவதில்லை என்பதால் கூட்டம் கூடிக்கொண்டே போனது. காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம் சொல்வார்கள். மத்தியானம் தொலைந்துபோன ஸ்வெட்டரைப் பற்றி விசாரிப்பார்கள். சாயங்காலம் அந்த ஸ்வெட்டரை யார் எடுத்திருக்கக் கூடும் என்று பெயர் சொல்லாமல் பேசி, பெயர் தெரிகிற மாதிரி முடிப்பார்கள்.

யானினா வெளியேறியதற்குக் காரணம் ஒரு ஸ்டிக்கர். மே இருபத்தைந்தாம் தேதி, தேசிய நாளுக்கான பள்ளி விழாவில் அவளுடைய மகன் சிமோனுக்கு அந்தக்கால இராக்காவல்காரன் வேஷம் கொடுத்தார்கள். எரித்த தக்கைக் கரியால் மீசை, கையில் அட்டை விளக்கு. “மணி பன்னிரண்டு, மழை பெய்யுது!” என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். சிமோன் மேடைக்கு வந்தான், விளக்கைத் தூக்கினான், வாயைத் திறந்தான். வரி வரவில்லை, அழுகைதான் வந்தது. மீசை கரைந்து மோவாய்க்கு ஓடியது. முன்வரிசையில் இருந்த யாரோ அதைப் படமெடுத்து, வெட்டி, கீழே ‘மழை பெய்யுது’ என்று எழுதி, ஸ்டிக்கராக்கிக் குழுவில் போட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து நகரத்தில் எது நடந்தாலும் எல்லார் செல்போனிலும் சிமோன் அழுதான். மாட்டிறைச்சி விலை ஏறினால் அழுதான். சுரங்க ரயில் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தால் அழுதான். தேசிய அணி பெனால்ட்டியைக் கோட்டை விட்டால் நாடே சேர்ந்து அவனை அழவைத்தது. யானினா ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். பஞ்சு வரத் தாமதமான ஒரு காலையில் அவளுடைய மேலதிகாரியே அந்த ஸ்டிக்கரை அனுப்பிவைத்தார். அது யார் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது.

சிமோனுக்கு ஏழு வயசு. கேமராவைக் கண்டால் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொள்ள ஆரம்பித்தான். அன்றைக்கு ஏண்டா அழுதாய் என்று யானினா கொஞ்சிக் கேட்டாள், கெஞ்சிக் கேட்டாள், ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தும் கேட்டாள். “ஒண்ணுமில்ல” என்பான். ஒருநாள் அவனாகக் கேட்டான்.

“அம்மா, நான் அழுறத அன்னிக்கே நிறுத்திட்டேன்ல? அவங்க ஏன் இன்னும் நிறுத்தல?”

யானினா உடனே செல்போனை எடுத்தாள், வெளியேறினாள்.

அவள் கணவன் எசேக்கியேல் பஸ் ஓட்டுகிறவன். ஒட்டடைக்குச்சி போலிருக்கும் மனைவியைக் குண்டம்மா என்று கூப்பிடுவது அவனுக்கும் அந்த ஊர்க் கணவர்கள் பாதிப்பேருக்கும் பழக்கம்.

“என்ன குண்டம்மா, நிஜமாவே வெளியேறிட்டியா?”

“ஆமா.”

“ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? ‘அடுப்புல மிலனேசா தீயுது’ன்னாவது சொல்லியிருக்கலாம்.”

“தீயுறது மிலனேசா இல்ல, நான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் திரை உடைந்த பழைய மடிக்கணினி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தாள். வீட்டுக்கென்று தனியாக ஒரு செய்திப்பெட்டியை அதில் ஏற்பாடு செய்தாள். எழுதுவதும் படமும் குரலும் எல்லாம் அந்த இயந்திரத்துக்குள்ளேயே தங்கும், வெளி கம்பெனி எதற்கும் போகாது. சமையலறையில் காலியாக இருந்த ஒரே பிளக் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்ததால் இயந்திரம் ஃபிரிட்ஜ் மேல் குடியேறியது. உறுப்பினர்கள் ஐந்து பேர்: அவள், எசேக்கியேல், பதினொரு வயது மகள் ரெனாத்தா, சிமோன், தெற்கே உஷுவாயா துறைமுகத்தில் வேலை செய்யும் அவளுடைய தம்பி வால்தேர். சிமோனுக்கு ஞானஸ்நானத் தந்தையும் வால்தேர்தான்.

முதல் வாரம் ரொட்டி, கழிவறைக் காகிதம் என்று போயிற்று. இரண்டாம் வாரம் வால்தேர் ஒரு கடல்சிங்கத்தின் ஏப்பத்தைப் பதிவு செய்து அனுப்பினான். சிமோன் விழுந்து விழுந்து சிரித்தான். பதிலுக்குத் தானும் ஒரு ஏப்பம் பதிவு செய்தான். அப்புறம் பல் விழுந்த கதை, அப்புறம் பல் விழுந்த படம். படத்தில் முகமும் இருந்தது. யானினா அதைப் பார்த்துவிட்டு மாவுக்கையோடு கொஞ்சம் அழுதாள். பிள்ளை மெல்ல மெல்ல வாயைத் திறக்கிறான், அந்த விஷயத்தையும் இங்கேதான் ஒருநாள் சொல்லுவான் என்று நினைத்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒன்றுதான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மாக்கள் குழுவில் முதல் நாள் யானினாவுக்கு விவாகரத்து என்றார்கள். இரண்டாம் நாள் ஸ்பெயினுக்குக் குடிபெயர்கிறார்கள் என்றார்கள். மூன்றாம் நாள் ரெனாத்தா பள்ளிக்கூடத்தில் வாய் தவறி “எங்க வீட்ல நாங்களே குழு வச்சிருக்கோம், ஃபிரிட்ஜ் மேல இருக்கு” என்று சொல்லிவிட்டாள். அதற்கு அப்புறம் அது ஏதோ ஒரு மதக்குழு என்று முடிவாகிவிட்டது. தலைமையாசிரியையிடமிருந்து அழைப்பு வந்தது.

தலைமையாசிரியை பிபியானா கார்மென்டியா, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ரகசியம் பேசுகிற ரகம். யானினாவை உட்காரச் சொல்லிவிட்டு மாத்தே மூலிகைத் தேநீரை உறிஞ்சினார்.

“செனோரா, இந்தப் பள்ளிக்கூடம் ஒரு குடும்பம். குடும்பத்துக்குள்ள ரகசியம் இருக்கலாமா?”

“அப்போ என் குடும்பம்?”

“அது ஒரு கிளை.” தலைமையாசிரியை கனிவாகச் சிரித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டு விஷயம் எதுவும் எங்களுக்குத் தெரிய வேண்டாம். அங்க என்ன பேசிக்கிறீங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்.”

“எதுக்கு?”

“தெரியலையே, அதுக்குத்தான். தெரியாதது எதுவா வேணா இருக்கலாம். இந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனையோ வருஷமா எந்தத் தப்பும் நடந்ததில்ல. ஏன்? நடந்தா எனக்கு முதல்லயே தெரிஞ்சிடும், உடனே நாங்க அதைப் பத்திப் பேச வேண்டாம்னு முடிவு பண்ணிடுவோம். ஆனா தெரியாத ஒண்ணைப் பத்தி எப்படிப் பேசாம இருக்கிறது, சொல்லுங்க?”

யானினா ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னாள்.

“ஐயோ, அது எவ்வளவு அழகு!” என்றார் தலைமையாசிரியை. “நானே தினமும் அனுப்புறேன். பாருங்க செனோரா, மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்?”

“மடியில பிள்ளை இருக்கான். அதான் பயம்.”

இந்தப் பதிலைத் தலைமையாசிரியை குறித்துக்கொண்டு பள்ளியின் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார், கூடவே யானினாவையும். ஆலோசகர் குரோவெட்டோவைப் பட்டத்தைச் சொல்லி ‘லீசென்சியாதா’ என்றுதான் அழைக்க வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார். அவர் வெகுநேரம் பேசாமல் யானினாவையே பார்த்தார். அந்த நகரத்தில் இதற்குத்தான் கட்டணம் அதிகம்.

“ஏன் ஃபிரிட்ஜ் மேல?”

“அங்கதான் பிளக் இருக்கு, லீசென்சியாதா.”

“பிளக்...” என்று அவர் சொல்லிப் பார்த்தார். “உங்க சின்ன வயசுல ஃபிரிட்ஜ் யார் கட்டுப்பாட்டுல இருந்துச்சு?”

“எங்க அம்மா.”

“ம். அம்மாக்கள் குழுவை விட்டு வெளியேறுறீங்க. குளிர்ச்சியான, உயரமான, உள்ளே எப்பவும் விளக்கு எரியற ஒண்ணு மேல ஏறி உட்கார்றீங்க.”

“மூடினா விளக்கு அணைஞ்சிடும், லீசென்சியாதா.”

“அணையுதுன்னு யார் சொன்னா? மூடினப்புறம் உள்ளே போய்ப் பார்த்திருக்கீங்களா?” லீசென்சியாதா பேனாவை மூடினார். “இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாம்.”

ஒரு சங்கம் கோணலாகப் போனால் அங்கே இடைக்காலப் பொறுப்பாளர் ஒருவரை அனுப்பிவைப்பது அந்த நாட்டு வழக்கம். கால்பந்து கிளப்புக்குப் பொறுப்பாளர் வந்திருக்கிறார், தொழிற்சங்கத்துக்கு வந்திருக்கிறார், மாகாணங்களுக்கே வந்திருக்கிறார். இடைக்காலம் என்பது எப்போது முடியும் என்று கேட்பது மட்டும் வழக்கமில்லை. பள்ளிப் பெற்றோர் சங்கம் கூடிப் பேசி, யானினாவின் குடும்பக் குழுவுக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்தது. அவர் வந்து பார்த்து ‘தெளிவு ஏற்பட்டது’ என்று சொல்லும் வரையில் ரெனாத்தாவுக்கும் சிமோனுக்கும் அடுத்த வருஷத்துக்கான இடம் நிறுத்திவைக்கப்படும் என்றும் தீர்மானித்தது.

அந்தப் பேட்டையில் மாலை வரைக்கும் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் பள்ளிக்கூடம் அது ஒன்றுதான். எசேக்கியேல் பஸ்ஸில், யானினா மெத்தையில். வேறு வழியில்லை.

“கொஞ்ச நாள்தானே குண்டம்மா,” என்றான் எசேக்கியேல். “வந்து பார்க்கட்டும். நாம பேசுறத ரெண்டு நாள் படிச்சா அவரே தூங்கிப்போயிடுவாரு.”

பொறுப்பாளர் வந்த சாயங்காலம் சிமோன் சமையலறை மேசைக்கடியில் உட்கார்ந்து செல்போனை வாயருகே வைத்துக்கொண்டிருந்தான். யானினா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவன் மெதுவாகச் சொல்வது கேட்டது.

“மாமா, அந்த விழா அன்னிக்கு என்ன ஆச்சுன்னா...”

அழைப்புமணி அடித்தது. யானினா அசையவில்லை. மணி இன்னொரு தரம் அடித்தது. எசேக்கியேல் போய்க் கதவைத் திறந்தான். கக்கத்தில் வெந்நீர்க் குடுவையும் கையில் மாத்தேக் குடுவையுமாக ஒஸ்வால்தோ பெத்ருச்சி உள்ளே வந்தார். பெற்றோர் சங்கத்தின் முன்னாள் உபதலைவர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவருடைய பேரன்கூடப் பள்ளி முடித்துப் போய்விட்டான். அவர் மட்டும் சங்கத்தை விடவில்லை.

“குடும்பத்துக்கு வணக்கம்!” என்றார். “நீங்க பாட்டுக்கு இயல்பாப் பேசுங்க. நான் இல்லேன்னு நினைச்சுக்கோங்க. எனக்கு எந்த நாற்காலி?”

சிமோன் கட்டைவிரலைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளினான். பதிவு அழிந்தது. ஒஸ்வால்தோவைச் சீவுளியால் சீவிவிடலாம் போல யானினாவுக்கு வந்தது. ஆனால் மனிதர் முகத்தில் விகல்பமே இல்லை, கூடவே ஒரு பொட்டலம் இனிப்பு ரொட்டி வேறு வாங்கி வந்திருந்தார்.

அவருக்குக் குழுவில் இடம் கொடுத்தாள். தினமும் சாயங்காலம் வருவார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு எழுதியதையெல்லாம் உதடசையப் படிப்பார், சந்தேகம் கேட்பார்.

“‘பால் புளிச்சிடுச்சு’ன்னு நேத்து எழுதியிருக்கீங்களே செனோரா, யாரைச் சொல்றீங்க?”

“பாலைத்தான்.”

“பெயர் வேண்டாம். பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தவங்களா, வெளியாளா?”

சங்கத்தில் அவர் முதல் அறிக்கையை வாசித்தபோது பெரிய சலசலப்பு. எசேக்கியேல் ஒரு வாரமாக ‘ரொட்டி’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறார், மனைவி ‘சரி’ என்கிறார். இவ்வளவு ரொட்டியை யார் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தாய் கேட்டார். நான்கு பேர் உள்ள வீட்டில் இத்தனை ரொட்டி என்றால் ஐந்தாவது ஆள் யார் என்று இன்னொருவர் கேட்டார். தினமும் சாயங்காலம் அங்கே உட்கார்ந்து ரொட்டி சாப்பிடும் ஐந்தாவது ஆள் தாம்தான் என்பது ஒஸ்வால்தோவுக்குத் தோன்றவில்லை. “விசாரிக்கிறேன்” என்று குறித்துக்கொண்டார்.

லீசென்சியாதா குரோவெட்டோ அறிக்கையை வேறுவிதமாகப் பார்த்தார். எசேக்கியேல் சொன்ன ஒரு ஜோக்குக்கு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை, அந்த மௌனத்தை நேரில் கவனிக்க வேண்டும் என்று அவரும் குழுவுக்குள் வந்தார். உளவியலாளரை மட்டும் விட்டால் நியாயமில்லை என்று வகுப்பாசிரியை வந்தார். வகுப்பாசிரியைக்குத் துணையாகப் பாட்டு ஆசிரியை. பிறகு அம்மாக்களின் பிரதிநிதி, அவர் இல்லாத நேரத்துக்கு ஒரு மாற்றுப் பிரதிநிதி. காலையில் ஃபிரிட்ஜ் மேல் ரோஜாப்பூ பூக்க ஆரம்பித்தது.

“குண்டம்மா,” என்றான் எசேக்கியேல் ஒருநாள், “நான் ரொட்டின்னு எழுதினா ஆறு பேர் கை கூப்புறாங்க. ரொட்டிதான் வரமாட்டேங்குது.”

“நீ வேற. வேலியில போன ஓணானை எடுத்து நான் மடியில விட்டுக்கிட்டேன்.”

“இவங்களை இதுலயே விட்டுட்டு நமக்கு மட்டும் இன்னொண்ணு ரகசியமா ஆரம்பிச்சிடேன்.”

அவள் அதையும் செய்தாள். அதே இயந்திரத்துக்குள் ஒரு மூலையில் இன்னொரு சின்னக் குழு. சிமோனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இதுல யார் யார் வருவாங்க?” என்றான்.

“நாம மட்டும்தான் கண்ணு.”

“முதல்லயும் அப்படித்தானே சொன்ன?”

 சிமோன் செல்போனை மேசைமேல் வைத்துவிட்டுப் பல்லிடுக்கை நாக்கால் துழாவிக்கொண்டே போய்விட்டான். அந்தச் சின்னக் குழுவில் கடைசிவரை யாரும் ஒரு வரி எழுதவில்லை.

வந்தவர்களுக்கோ இடம் பிடித்துப்போயிற்று. ஒருநாள் பாட்டு ஆசிரியை யானினாவைத் தனியாக அழைத்து, “இங்க எழுதுறது தலைமையாசிரியைக்குத் தெரியாதுல்ல?” என்று கேட்டார். தெரியாது என்றதும் இருபது வருஷத்துக் குறைகளையும் அன்றே எழுதித் தீர்த்தார். வகுப்பாசிரியை இதயம் போட்டார். அதை எப்படியோ மோப்பம் பிடித்த தலைமையாசிரியை தாமே நேரில் வந்து, ஃபிரிட்ஜை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே இடம் கேட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“செனோரா, ஒரு சந்தேகம். இது தனிப்பட்ட இடம்தானே? நான் இங்க எழுதுறது வெளியில யாருக்கும் போகாதே?”

“மடியில கனமில்லன்னா...” என்று யானினா இழுத்தாள்.

“அதெல்லாம் மத்தவங்களுக்கு. நான் ஒரு பொறுப்புல இருக்கேன்.”

அதன் பிறகு யானினாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. வேலை முடிந்து வந்தால் யாருக்காவது கடவுச்சொல் மறந்திருக்கும். மழை பெய்தால் இணைப்பு அறுந்து, அம்மாக்களின் பிரதிநிதி வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுவார். மாற்றுப் பிரதிநிதி தன்னைவிடப் பிரதிநிதியின் பெயர் மேலே இருக்கிறது என்று மனு கொடுத்தார். யானினா எல்லாவற்றுக்கும் ஓடினாள். இவர்கள் திருப்தியாகட்டும், தெளிவு ஏற்படட்டும், பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கட்டும், ஒஸ்வால்தோ போகட்டும், அப்புறம் சிமோன் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

கடைசியில் தெளிவு ஏற்பட்டது. மாவட்டத்திலேயே முதல்முறையாக ‘எல்லாரும் பங்கேற்கும் தனிக்குடும்பக் குழு’ ஒன்று அமைந்திருப்பதாகத் தலைமையாசிரியை மேலே எழுதியிருந்தார். மேலிடம் மெச்சியது. இனி அதை முன்மாதிரியாக அறிவித்து, இயந்திரம் இருக்கும் இடத்திலேயே விழா எடுத்துப் பெயர்ப்பலகை பதிக்க முடிவாயிற்று. பிள்ளைகளின் இடத்தையும் அந்த விழாவிலேயே அறிவிப்பார்கள்.

சனிக்கிழமை காலை யானினாவின் சமையலறைக்குள் தேசியக் கொடி வந்தது. நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவி கொடியைப் பிடித்திருந்தாள், இருபுறமும் துணைக்கு இரண்டு பேர். கூரை தாழ்வு என்பதால் கொடிக்கம்பத்தைச் சாய்த்துக்கொண்டு அடுப்புக்கும் பாத்திரத்தொட்டிக்கும் நடுவே நின்றார்கள். தேசியகீதம் பாடும்போது எல்லாரும் ஃபிரிட்ஜை நோக்கி நிமிர்ந்து நின்றார்கள். ஒலிபெருக்கிக்குப் பிளக் வேண்டுமென்று யாரோ ஃபிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கிவிட்டதால் கீதம் முடிவதற்குள் கீழே தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கொடியின் முன்னால் அசையக்கூடாது என்பதால் யாரும் துடைக்கவில்லை.

தலைமையாசிரியை பேசினார்.

“அன்பார்ந்தவர்களே! அந்தரங்கம் இதுவரை ஒரு சிலருடைய கையில் மட்டுமே இருந்தது. இன்று முதல் அது எல்லாருக்கும் சொந்தம். இந்தக் குடும்பத்துக்கு என்று இனி ஒன்றுமே கிடையாது என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன்!”

கைதட்டினார்கள். யானினாவும் தட்டினாள். அடுத்து லீசென்சியாதா மைக்கை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றார். அந்த மௌனத்தில் யானினா சுற்றுமுற்றும் பார்த்தாள். சிமோனைக் காணவில்லை. ரெனாத்தாவையும் காணவில்லை. செல்போனை எடுத்துக் குழுவில் தேடினாள். ரோஜாப்பூ, ரோஜாப்பூ, ஸ்வெட்டர், பாட்டு ஆசிரியை, ரோஜாப்பூ. விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். வால்தேர் அனுப்பிய பென்குவின் படங்கள் பதிலில்லாமல் கிடந்தன. சிமோன் கடைசியாக அனுப்பியது பல் விழுந்த படம்தான். அதற்குப் பிறகு பிள்ளைகள் இருவரும் ஒரு சொல்கூட எழுதியிருக்கவில்லை. யாருக்காகக் கட்டினாளோ அவர்கள் எப்போதோ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊருக்கெல்லாம் சாவி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்ததில் அவள் கவனிக்கவே இல்லை.

அவளுக்குத் தாங்கவில்லை. ‘ஒரு நிமிஷம்’ என்று கையைக் காட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்தக் கட்டடத்தின் நடுவில் காற்றுக்கும் வெளிச்சத்துக்குமாகக் கிணறு போல ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். எல்லா வீட்டுக் குளியலறை ஜன்னலும் துணிதுவைக்கும் இடத்து ஜன்னலும் அதில்தான் திறக்கும். அந்தக் கிணற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து ஜன்னலில் இருந்தது சிமோன்.

“எழுத மாட்டியே?”

“எனக்கு எழுதவே சோம்பேறித்தனம்,” என்றது கீழேயிருந்து ஒரு பெண்குரல். கீழ்வீட்டு ஹுவானா. வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளை, இன்னும் செல்போன் வாங்கிக்கொடுக்கப்படாதவள். ஊரில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்திராத ஆள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

“யாராச்சும் கேட்பாங்களா?”

“எல்லாரும் ஃபிரிட்ஜைக் கும்பிட்டுட்டு இருக்காங்க,” என்று ரெனாத்தாவின் குரல். “நான் கதவுகிட்ட நிக்கிறேன். நீ சொல்லு.”

“சரி. ஹுவானா, அன்னிக்கு மேடையில நான் ஏன் அழுதேன்னா...”

யானினா எழுந்தேவிட்டாள். ஜன்னல் ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. கால் தானாகத் தொட்டியின் விளிம்பில் ஏறியது. காது ஜன்னலண்டை போயிற்று. எத்தனை மாதமாகக் காத்திருந்த பேச்சு! பெற்ற தாய்க்கு இல்லாத உரிமையா, என்ன கஷ்டம் என்று தெரிந்தால்தானே ஏதாவது செய்ய முடியும், தெரியாதது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தக் கடைசி வாக்கியத்தை இதற்கு முன் எங்கே கேட்டோம் என்பது அடுத்த கணமே அவளுக்கு நினைவுக்கு வந்தது. கேட்ட குரலும் கூடவே வந்தது. 

சட்டென்று கீழே இறங்கினாள். குழாயைத் திறந்தாள். அது போதவில்லை, ஷவரைத் திறந்தாள். கால் கழுவும் பிடேத் தொட்டியின் குழாயையும் திறந்தாள். மலத்தொட்டிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். வீட்டுத் தண்ணீரெல்லாம் ஒரே சமயத்தில் இரைந்தது.

கதவைத் தட்டினார்கள்.

“செனோரா!” ஒஸ்வால்தோவின் குரல். “உங்களைப் பேசக் கூப்பிடுறாங்க. பிள்ளைங்க இடம் அறிவிக்கப் போறாங்க. உள்ள ஏதாவது விசேஷமா?”

“ஒண்ணுமில்ல. தண்ணி போகுது.”

“வேற ஏதோ பேச்சுச் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சே?” இது தலைமையாசிரியை. “கதவைத் திறங்க செனோரா. நம்ம வீட்டுக்குள்ள நமக்குள்ள என்ன தாழ்ப்பாள்?”

“குளிச்சுட்டு இருக்கேன்.”

“கொடி காத்துக்கிட்டு இருக்கு!”

“உட்காரச் சொல்லுங்க!”

 பிறகு ஒஸ்வால்தோ தயங்கித் தயங்கி, “அப்படியே குறிச்சுக்கட்டுமா?” என்று கேட்பது காதில் விழுந்தது. யானினா விழாவுக்கென்று உடுத்திய நீலச் சட்டை நனைய நனையத் தொட்டியின் விளிம்பில் திரும்பவும் உட்கார்ந்தாள். தண்ணீர் இரைச்சலையும் மீறி ஏதோ முணுமுணுப்பு வருகிற மாதிரி இருந்தது. இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டாள்.

கதவு அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அவன் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் தண்ணீர் ஓடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். சிமோன் அன்றைக்கு ஏன் அழுதான் என்பது கீழ்வீட்டு ஹுவானாவுக்குத் தெரியும்.